திரித்துவ விவாதம்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவன் ஒருவரே, ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவர் என்பதே திரித்துவ உபதேசம். அதை மறுப்பவர்கள் எல்லாரும் ஒரே அணியினர் அல்லர். இதைக் கவனிக்காமல் பேச்சைத் தொடங்குவதுதான் முதல் தவறு. குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்பது யெகோவாவின் சாட்சிகளின் நிலை. ஒருமைத்துவப் பெந்தெகொஸ்தேயினரோ இயேசு தேவன் என்பதை முழு மனதோடு நம்புகிறார்கள். பிதாவும் குமாரனும் வேறு வேறு ஆட்கள் என்பதைத்தான் மறுக்கிறார்கள். இஸ்லாமியர் இயேசுவை நபியாக மதிக்கிறார்கள், தெய்வமாக ஏற்பதில்லை.

ஒருமைத்துவக்காரரிடம் போய் "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" (யோவான் 10:30) என்று காட்டினால் அவர் தயங்காமல் ஆமென் சொல்வார். அது அவரே எடுத்துக்காட்டும் வசனம். அவரோடு பேச வேண்டியவை பிதாவும் குமாரனும் வேறு வேறாகத் தெரியும் இடங்கள்: இயேசுவின் ஞானஸ்நானம் (மத்தேயு 3:16-17), உலகம் உண்டாகுமுன் பிதாவிடத்தில் தமக்கு இருந்த மகிமையைக் குறிப்பிட்டு அவர் செய்த ஜெபம் (யோவான் 17:5), தம்மையும் பிதாவையும் இரண்டு சாட்சிகளாக அவர் எண்ணிக் காட்டும் இடம் (யோவான் 8:17-18). யெகோவாவின் சாட்சிகளிடம் எபிரெயர் 1:10-12 நல்ல தொடக்கம். வானத்தையும் பூமியையும் உண்டாக்கிய கர்த்தரை நோக்கி 102-ஆம் சங்கீதம் சொன்ன வார்த்தைகள் அங்கே குமாரனை நோக்கிச் சொல்லப்படுகின்றன.

அடுத்தது, உபதேசத்தைத் தெளிவாகச் சொல்லாமல் உவமைக்குத் தாவுவது. ஒரே தேவன், ஒரே தெய்வ இயல்பு. அதை முழுமையாக உடையவர்கள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவர். 'ஒன்று' என்பது "என்ன?" என்ற கேள்விக்கும் 'மூன்று' என்பது "யார்?" என்ற கேள்விக்கும் பதில். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால்தான் முரண்பாடு. ஐஸ், தண்ணீர், நீராவி உவமை இதைச் சொல்லவே இல்லை. ஒருவரே மூன்று நிலைகளில் தோன்றினார் என்ற சபெல்லியுவின் போதனையை, சபை 3-ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிய அதே போதனையை, அது திரும்பக் கொண்டுவருகிறது. முட்டை உவமை தேவனைப் பங்கு போடுகிறது: ஓடு மட்டும் முட்டை ஆகாது, குமாரனோ முழுமையாகத் தேவன். ஞாயிறு பள்ளியிலேயே இவற்றை நிறுத்திவிடுவது நல்லது.

அதிகச் சேதம் விளைவிப்பது 1 யோவான் 5:7. நம் பழைய மொழிபெயர்ப்பில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று தொடங்கிப் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவரையும் பெயர் சொல்கிற வரி இருக்கிறது. பார்த்தவுடன் விவாதம் முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த வரி இல்லை. லத்தீன் வழியாகத்தான் உள்ளே வந்தது. அறிஞர் எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522-இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பிந்திய மொழிபெயர்ப்புகளுக்குப் பரவியது. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையோடு ஆயுள் முழுவதும் போராடிய 4-ஆம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியு இந்த வரியை எடுத்துக்காட்டவே இல்லை என்பது ஒன்றே போதும். இதை ஆதாரமாக வைத்தால், விவரம் தெரிந்த எதிராளி ஒரே நிமிடத்தில் அதை உடைத்துவிட்டு, மற்ற வசனங்களும் இப்படித்தான் நுழைந்தன என்று கேட்பவர்களை நம்பவைத்துவிடுவார். 1 தீமோத்தேயு 3:16-இலும் கவனம் தேவை. "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்ற இடத்தில் மிகப் பழைய பிரதிகளில் 'தேவன்' என்ற சொல் இல்லை.

எபிரெய இலக்கணத்தை வைத்து நிரூபிக்கும் முயற்சியும் நிற்காது. தேவனைக் குறிக்கும் எபிரெயச் சொல்லான ஏலோஹிம் பன்மை வடிவம் என்பது உண்மை. ஆனால் கேமோஷ் (நியாயாதிபதிகள் 11:24), தாகோன் (1 சாமுவேல் 5:7) என்ற தனித் தெய்வங்களுக்கும் அதே வடிவம்தான் வருகிறது. 'ஒன்று' என்று பொருள்படும் 'ஏகாத்' என்ற எபிரெயச் சொல் பலர் சேர்ந்த கூட்டு ஒருமையைத்தான் குறிக்கும் என்பதும் சரியல்ல. மகனும் சகோதரனும் இல்லாத தனி ஆளைக் குறிக்கவும் அதே சொல்லே நிற்கிறது (பிரசங்கி 4:8).

"நானே தேவன், என்னை வணங்குங்கள் என்று இயேசு எங்கே சொன்னார்?" என்று கேட்கும்போது ஒரே ஒரு வசனத்தைத் தேடி ஓடாதீர்கள். வேதம் இதைச் சொல்லும் விதம் வேறு. ஏசாயா 45:23-இல், முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்று கர்த்தர் தம்மைக்கொண்டே ஆணையிடுகிறார். தேவன் ஒருவரே என்று அழுத்திச் சொல்லும் அதிகாரம் அது. பவுல் பிலிப்பியர் 2:10-11-இல் அந்த வார்த்தைகளை எடுத்து இயேசுவின் நாமத்தில் வைக்கிறார். 1 கொரிந்தியர் 8:6-இல் யூதர் நாள்தோறும் அறிக்கையிடும் "கர்த்தர் ஒருவரே" என்ற வாக்கியத்துக்குள்ளேயே பிதாவையும் இயேசுவையும் சேர்த்துச் சொல்கிறார். நம் கையில் இருக்கும் மிக வலுவான ஆதாரம் இதுதான். இரண்டு நிருபங்களும் முதல் நூற்றாண்டின் மத்தியில் எழுதப்பட்டவை.

"என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28), அந்த நாளைக் குமாரனும் அறியார் (மாற்கு 13:32) என்பவற்றைக் கண்டு நழுவவும் கூடாது. "அது மனிதராகச் சொன்னது" என்று ஒரே வரியில் முடிப்பது எதிராளிக்குச் சாக்குப்போக்காகவே கேட்கும். தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார் என்னும் பிலிப்பியர் 2:6-8-ஐ முதலில் சேர்ந்து வாசியுங்கள், பிறகு இவற்றுக்கு வாருங்கள். "அப்படியானால் தேவன் செத்துப்போனாரா?" என்ற கேள்விக்கு 451-இல் கல்கெதோன் சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) வகுத்த வரையறை உதவும்: ஒரே ஆள், இரண்டு இயல்புகள். குமாரன் தாம் ஏற்ற மனித இயல்பில் மரித்தார். தெய்வ இயல்பு அழியவில்லை, பிதா மரிக்கவில்லை.

நிசேயா சங்கத்தைப் பற்றி இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய அந்தச் சங்கம் வேதாகமப் புத்தகங்களைத் தீர்மானிக்கவில்லை. இயேசுவை வணங்குவதைத் தொடங்கிவைக்கவும் இல்லை. கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி சுமார் 112-லேயே பேரரசருக்கு எழுதியிருக்கிறார். குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவின் இயல்பையே உடையவரா என்பதுதான் அங்கே எழுந்த வழக்கு. அதே சமயம், முந்திய சபைப் பிதாக்கள் எல்லாரும் இதே சொற்களில் போதித்தார்கள் என்று நாமும் சொல்லக்கூடாது. 3-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒரிகேனிடம் குமாரனைப் பிதாவுக்குக் கீழே வைக்கும் வரிகள் உண்டு. பரிசுத்த ஆவியைப் பற்றி 325-இன் அறிக்கையில் ஒரு சிறு தொடரே இருந்தது. விரிவான வாக்கியம் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில்தான் வந்தது. பேரரசர் திணித்தார் என்ற கதையும் பொருந்தாது. நிசேயாவின் முடிவைக் காத்த அத்தனாசியுவையே பேரரசர்கள் ஐந்து முறை நாடு கடத்தினார்கள். கான்ஸ்டன்டைனுக்கே 337-இல் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுவின் பக்கம் நின்ற நிக்கோமேதியாவின் ஆயர் எவ்சேபியு.

மரியாளும் திரித்துவத்தில் ஒருவர் என்று யாராவது நினைத்தால் (குர்ஆன் 5:116-ஐ வைத்து இது வரும்), எந்தச் சபையும் அப்படிப் போதிப்பதில்லை என்று அமைதியாகச் சொன்னால் போதும். பதிலுக்கு நீங்கள் இஸ்லாமியரின் மார்க்கத்தைத் தாக்கத் தொடங்கினால் கேட்ட கேள்வி காணாமல் போய்விடும். மும்மூர்த்திகளோடு ஒப்பிடுவதும் வேண்டாம். அது இரு சமயத்தாரையும் தவறாகக் காட்டும்.

வசனம் விட்டு வசனம் தாவ ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துங்கள். ஒரு பகுதியை இருவரும் ஒத்துக்கொண்டு, மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் சத்தமாக வாசியுங்கள். அவர் வாதத்தை உங்கள் வாயால் திரும்பச் சொல்லி, "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று கேளுங்கள். அவர் "ஆம்" என்ற பிறகே பதில் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் அவர் காட்டியது சரியாக இருந்தால் அங்கேயே ஒப்புக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.