பேட்டரி கார் வாங்குமுன் ஒரு வாரம் கரண்டைக் கவனியுங்கள்

ரங்கூன் தாம்வேயில் கார் வயரிங் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பெல்லாம் டைனமோ, ஹாரன், ஏசி என்று வருவார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது, "அண்ணே, பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டு பேட்டரி கார் எடுக்கலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது வேறு. ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? அந்த இடத்தில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும்?

இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. 2005 வாக்கில் இந்த ஊர் டாக்சியும் பஸ்ஸும் கேஸுக்கு, அதாவது சிலிண்டரில் அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவுக்கு, மாறியபோது, என் பழைய கொரோலாவிலும் சிலிண்டர் ஏற்றினேன். வண்டி நன்றாகவே ஓடியது. நிரப்புவதுதான் பெரும்பாடு. விடியற்காலை இரண்டு மணிக்கு வரிசையில் போட்டால் முறை வரும்போது பொழுது விடிந்திருக்கும். 2007 ஆகஸ்டில் டீசல் விலை ஒரேயடியாக இரண்டு மடங்கு, கேஸ் விலை ஐந்து மடங்கு ஆனதும், அந்தக் கோபம் வீதிக்கு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதே காலத்தில்தான் மூன்று வருடத்தில் 80 லட்சம் ஏக்கர் காட்டாமணக்கு நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சாலை ஓரம், பள்ளிக்கூடம் என்று பார்த்த இடமெல்லாம் நட்டோம். ஆனால் அந்தக் கொட்டையை ஆட்டி எண்ணெயாக்கி வண்டிக்குக் கொண்டு வர வழி இல்லாமல் போயிற்று. ஆகவே புது எரிபொருள் என்றாலே, அது என் வண்டி வரை எப்படி வந்து சேரும் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

போன வருடம் என் தங்கை வீட்டுக்காரர் கார் எடுக்கக் கிளம்பினார். "மாப்பிள்ளை, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன். தங்கை சமையலறைக் காலண்டரில் தாள் தாளாக எழுதி வைத்தாள். தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினால் கரண்ட் வந்தது என்று அர்த்தம், உடனே மணியைக் குறிப்பாள், போனதும் அதையும் குறிப்பாள். ஏழாம் நாள் உட்கார்ந்து கூட்டினோம். ஒரு நாளைக்குச் சராசரி பத்து மணி நேரம் வருகிறது. போதுமே என்று மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். அதில் வண்டி வீட்டில் நிற்கும் நேரத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போடச் சொன்னேன். ஒரு ராத்திரி ஐந்து மணி நேரம், மறு ராத்திரி ஒரு மணி நேரம். அவ்வளவுதான். நீங்களும் இப்படியே செய்யுங்கள். கணக்குக்கு உதவுவது அந்தச் சிவப்பு வட்டம் மட்டும்தான்.

இன்னொன்று, மழைக்காலத்தில் எழுதிய கணக்கை நம்பி வாங்காதீர்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு அணைத் தண்ணீரிலிருந்து வருகிறது. சித்திரையில் வரும் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிய வெயில் மாதங்களில்தான் கரண்ட் மிகவும் படுத்தும். முடிந்தால் அப்போது எழுதுங்கள். முடியாவிட்டால் போன சித்திரை எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்; யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது கணக்கு. ஊருக்குள் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நடுத்தரமான பேட்டரி கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். அப்படியானால் 40க்கு 6. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 7 என்று வையுங்கள். வீட்டுப் பிளக்கில் மாட்டும் 10 ஆம்பியர் சார்ஜர், 220 வோல்ட் முழுதாக இருந்தால் மணிக்கு 2.2 யூனிட் ஏற்றும். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். வோல்ட் 180க்கு இறங்கினால் அதே வேலைக்கு நாலு மணி நேரம் ஆகும். அதற்கும் கீழே போனால் பல சார்ஜர்கள் தாமாகவே நின்றுவிடும். காலையில் பார்த்தால் வண்டி நேற்று இருந்த அளவிலேயே நிற்கும். மாப்பிள்ளைக்கு இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து ஆறு மணி நேரம் கிடைத்தது. ராத்திரிக்கு நாலு வீதம் அவருக்குத் தேவைப்பட்டது எட்டு.

அடுத்து எர்த். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ஒரு பழைய மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று ஓட்டை உள்ள நல்ல பிளக் பாயின்ட்தான், ஆனால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூடியைக் கழற்றினேன். மேல் ஓட்டைக்குப் பின்னால் விரல் நீளத்துக்குப் பச்சை ஒயர் ஒன்று, நுனி சுருண்டு, எதிலும் சேராமல் தூசியில் கிடந்தது. கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டுக்கு எர்த்தே கிடையாது. சார்ஜர் அதைக் கண்டுபிடித்து நின்றது. உயிரைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். அதை ஏமாற்றி ஓட வைக்கச் சின்னச் சின்ன வழிகள் சொல்வார்கள். செய்யாதீர்கள். மழையில் நனைந்து நிற்கும் காரின் கதவைத் தொடுவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மண்ணில் செம்புக் கம்பி இறக்கி, மீட்டரிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, தனி பிரேக்கர் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது; மணிக்கணக்கில் 10 ஆம்பியர் ஓடினால் அந்த பிளாஸ்டிக் உருகும். வோல்ட் ஏற்றும் பெட்டி வாங்குவதாக இருந்தால் 5 கேவிஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். பிரிட்ஜுக்கு வாங்கி வைத்ததில் மாட்டினால் கருகும்.

நாலாம் மாடியில் குடியிருந்து தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு என்ன வழி? நகரத்துக்குள் நம் ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறோம். பால்கனியிலிருந்து கயிற்றில் கிளிப் தொங்கவிட்டுப் பேப்பர் வாங்கலாம், இட்லிப் பொட்டலம்கூட வாங்கலாம். சார்ஜர் ஒயரை அப்படி இறக்க முடியாது. உங்கள் கடையிலோ வேலை செய்யும் இடத்திலோ பகலில் வண்டி நிற்க இடமும் கரண்டும் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு, பெட்ரோல் என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் சாதாரண ஹைபிரிட் எடுங்கள். அதற்கு பிளக் வேண்டாம், பெட்ரோல் செலவும் குறையும். பழைய ஹைபிரிட் என்றால் அதன் பெரிய பேட்டரியைக் கம்ப்யூட்டரில் சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

ஜெனரேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சின்ன டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கொடுத்தாலே பெரிது. 7 யூனிட்டுக்கு இரண்டரை லிட்டர் வரை போகும். அதே 40 கிலோமீட்டருக்கு இப்போது நான் ஓட்டும் புரோபாக்ஸ் கார் மூன்றரை லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகப் புதுக் கார் வாங்குவதில் அர்த்தமில்லை. சோலார் நல்ல வழி. 550 வாட் பலகை ஆறு போட்டால் மாசி மாத வெயிலில் 13 யூனிட் வரை வரும். ஆடி மழையில் பாதி கிடைத்தாலே அதிகம். ஆனால் வெயில் இருக்கும் நேரம் வண்டி கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். மாப்பிள்ளை கடைசியில் இதைத்தான் செய்தார். மளிகைக் கடை மொட்டை மாடியில் ஆறு பலகை போட்டார். வண்டி பகலில் கடைப் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த வருடம் பீலிக்கான் கோயில் தீமிதிக்கு எல்லாரையும் அந்த வண்டியில்தான் தன்லின் பாலம் தாண்டி அழைத்துப் போனார்.

மாந்தளே போகிறவர்கள் கவனியுங்கள். விரைவுச்சாலை 366 மைல், அதாவது சுமார் 590 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் ஓடும் என்று காகிதத்தில் போட்டிருந்தால், ஏசியும் வேகமும் சேர்ந்து கால் பங்கைத் தின்றுவிடும் என்று கழித்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு தடவையாவது ஏற்றியே ஆக வேண்டும். சார்ஜர் இருக்கும் இடத்தில் அன்று கரண்ட் இருக்குமா என்பது வேறு விஷயம், போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்தச் சார்ஜர் ஒயரின் வாய் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். சீனச் சந்தைக்குச் செய்த வண்டிக்கு ஜிபி-டி வாய், ஐரோப்பிய முறைக்கு சிசிஎஸ்-2, பழைய நிஸான் லீஃபுக்கு சாடெமோ. ஒன்றில் மற்றது நுழையாது.

கேஸ் வண்டி பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. சிலிண்டர் கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள். உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கிறது, தேதி தெரியாத சிலிண்டர் வேண்டவே வேண்டாம். சமையல் கேஸை காருக்கு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வண்டிக்குள் அடியிலேயே தேங்கி நிற்கும்.

கடைசியாக மழை. ஆனி, ஆடியில் நம் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சார்ஜர் ஒயரின் நடுவில் இருக்கும் பெட்டியைத் தரையில் விடாதீர்கள். இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டி, ஒயரைத் தொங்கலாக விட்டு வையுங்கள். நனைந்த தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.