ஏ9 றோட்டோரம் கடை வைத்திருப்பவர்களுக்கு: பஸ் வந்து நின்றால்

ஓகஸ்ட் விடுமுறையிலும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு யாத்திரை போகும் பஸ்கள் விடியற்புறமே கிளிநொச்சியில் வந்து நிற்கும். இறங்குகிற சனம் முதலில் தேடுவது தேத்தண்ணியை அல்ல, மலசலகூடத்தை. ஆகவே அதை முதலில் சரி பண்ணுங்கள். ஓகஸ்டில் கிணறு அடியில் போய்விடும். தண்ணீர் பவுசருக்கு முன்கூட்டியே சொல்லி, இரவே தாங்கியை நிரப்பி வையுங்கள். காசு வாங்கலாம், ஆனால் சின்னப் பிள்ளைகளிடமும் வயசானவர்களிடமும் வேண்டாம்.

விலைப்பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஊராருக்கும் வந்தவர்களுக்கும் ஒரே விலை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தேத்தண்ணி சும்மா கொடுங்கள், அடுத்த முறை எங்கே நிறுத்துவதென்று முடிவெடுப்பது அவர்கள்தான்.

புழுக்கொடியலை முன்னுக்கு வையுங்கள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துத் தருகிற அக்காமாருக்கு அதுதான் வருமானம். தெரியாதவர்கள் முழுசாகக் கடித்துப் பார்த்துவிட்டு, பல்லு நொந்து வைத்துவிடுவார்கள். சின்னத் துண்டாக முறித்து, ஒரு தேங்காய்ச் சொட்டோடு கையில் கொடுங்கள். மென்று முடிக்கும் முன்னமே விலை கேட்பார்கள்.

இனிக் கமரா. போர் முடிந்த கையோடு வந்தவர்கள், போரில் தகர்க்கப்பட்டு விழுந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இப்போது வருகிற இளம் பிள்ளைகள் பலர் அப்படியில்லை, "இங்கே என்ன நடந்தது அக்கா?" என்று கேட்கிறார்கள். விருப்பமென்றால் சொல்லுங்கள், உங்கள் கண் கண்டதை மட்டும். விருப்பமில்லையென்றால் "இன்றைக்கு வேண்டாம் தம்பி" என்றால் போதும். யாருக்கும் நாங்கள் கதை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராட்டம் தொடங்கிய அம்மாமார் விஷயம் வேறு. தங்கள் குரல் வெளியே போக வேண்டுமென்றுதான் அவர்கள் றோட்டுக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றி யாராவது கேட்டால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கமராவைப் பையில் வைக்கச் சொல்லி, முதலில் பக்கத்தில் இருந்து பேச விடுங்கள். அம்மா "எடு மகன்" என்றால் எடுக்கட்டும். கேட்காமல் தூக்கினால், "போட்டோ கன்ன எபா" (படம் எடுக்க வேண்டாம்) என்று சிங்களத்திலேயே சொல்லுங்கள். கோபப்படத் தேவையில்லை, ஆனால் குரல் தளரவும் வேண்டாம்.

பஸ் கிளம்ப முதல் ஒரு உரப்பையை ஏறுபடிக் கம்பியில் கட்டிவிடுங்கள். இரணைமடுக் குளத்துப் பக்கம் போகிற பஸ் என்றால் கட்டாயம். சாப்பாட்டுத் தாளும் போத்தலும் அணைக்கட்டில் விழுந்தால் பொறுக்கப் போவது எங்கள் பிள்ளைகள்தான்.