ஆடி, புரட்டாசி, மார்கழி: ஒரே வருடத்தில் மூன்று பழைய நாடகம் போடுவது எப்படி?

ஊரில் நடிக்க ஆசைப்படுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். ஒரு தமிழாசிரியர், ஒரு வங்கி ஊழியர், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டயர் ஆன மாமா ஒருவர். இவர்கள் சேர்ந்து ஒரே ஒரு நாடகம் போட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுக் கலைந்துபோவது சுலபம். வரிசையாக மூன்று போட்டால்தான் அது குழுவாக நிற்கும். அதை எப்படிச் செய்வது என்று, இதுவரை மேடையே ஏறாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அமெச்சூர் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் நண்பர்களோடு ஆரம்பித்த சுகுண விலாச சபையும் அமெச்சூர் சபைதான். படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள் கூடி நடித்த சபை அது. அவரே வக்கீல், பின்னாளில் நீதிபதி. கீழே சொல்லப்போகும் மூன்று நாடகங்களும் அவர் எழுதியவை.

1. முதலில் தேதி

எல்லாரும் நாடகத்தை முடிவு செய்துவிட்டு மண்டபம் தேடுவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். சின்ன ஊர்களில் நாடகத்துக்கென்று அரங்கம் கிடையாது. இருப்பது கல்யாண மண்டபம். அது சும்மா கிடக்கும் மாதங்கள் ஆடி, புரட்டாசி, மார்கழி. முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகையைப் பேசிக் குறைக்கலாம், ஒத்திகைக்கும் ஒரு சாயங்காலம் சேர்த்துக் கேட்கலாம். புரட்டாசியில் சரஸ்வதி பூஜை வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், யாரும் வரமாட்டார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மார்கழிக் கணக்கு ஒத்துவராது. சபா மேடைகளெல்லாம் அப்போது கச்சேரிக்குப் போய்விடும். அவர்கள் மூன்றாவது நாடகத்தைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட அரங்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஆடியில் மேடையேற வேண்டுமென்றால் சித்திரையிலேயே பிரதியைப் படிக்க உட்கார வேண்டும். வைகாசி, ஆனி இரண்டும் ஒத்திகை.

2. எந்த மூன்று?

என் பரிந்துரை: ஆடிக்கு ‘சபாபதி’, புரட்டாசிக்கு ‘வாணிபுர வணிகன்’, மார்கழிக்கு ‘மனோகரா’.

‘சபாபதி’ முழுக்க முழுக்க நகைச்சுவை. முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. உடைக்குச் செலவில்லை. வேட்டி, கோட்டு, தலைப்பாகை எல்லாம் யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். முதல் முறை மேடை ஏறுகிறவன் பயத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் அதையும் சேர்த்துச் சிரித்துவிடுவார்கள். அழவைக்கிற நாடகத்தில் அந்தச் சலுகை கிடையாது.

‘வாணிபுர வணிகன்’ ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அதன் உயிர் நீதிமன்றக் காட்சி. கதை பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும் என்பது ஒரு வசதி. வக்கீல் வேஷத்தில் வரும் பெண்ணுக்கு நல்ல நடிகை ஒருவர் கிடைத்தால் மற்றவர்களின் குறை தெரியாமல் ஒப்பேற்றிவிடலாம்.

‘மனோகரா’ கனமானது. ராஜசபை, சங்கிலி, அம்மா பேச்சைத் தட்டாத மகன். இதை முதலில் எடுத்தால் குழு தாங்காது. மூன்றாவதாக எடுத்தால் அதற்குள் எல்லாருக்கும் குரல் வந்திருக்கும். ஒரு எச்சரிக்கை. 1954-ல் வந்த சினிமாவை நினைத்துக்கொண்டுதான் ஜனங்கள் வருவார்கள். அந்த வசனம் மு. கருணாநிதி எழுதியது, நாடகப் பிரதியில் இருப்பது வேறு. கைதட்டலுக்காகச் சினிமா வசனத்தைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். மேலே பம்மல் தமிழ், நடுவில் அடுக்குமொழி என்று இரண்டு நாடகம் போலத் தெரியும்.

‘மனோன்மணியம்’ போடலாமே என்று தமிழாசிரியர் கட்டாயம் கேட்பார். 1891-ல் வெளிவந்த அருமையான நூல்தான். ஆனால் முழுக்கச் செய்யுள். மேடையைவிட வாசிப்புக்கே ஏற்றது. ஆண்டுவிழாவில் ஒரு காட்சியைப் படித்துக்காட்டலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்றவற்றுக்குப் பாடத் தெரிந்த ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகனும் கதாநாயகியும்) வேண்டும், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேண்டும். தென்மாவட்டத் திருவிழாக்களில் அந்தக் கலைஞர்கள் விடிய விடிய ஆடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், அதில் ஏன் அவசரப்பட்டு இறங்கக்கூடாது என்று புரியும்.

3. உரிமை

இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் பதிப்புரிமை உண்டு. சம்பந்த முதலியார் இறந்தது 1964. எனவே 2025 தொடக்கம் முதல் தடையில்லை. கோமல் சுவாமிநாதன் இறந்தது 1995. அவருடைய ‘தண்ணீர் தண்ணீர்’ போட ஆசைப்பட்டால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரின் உரிமையையும் பாருங்கள். ஷேக்ஸ்பியர் எல்லாருக்கும் பொது. போன வருடம் அவரை மொழிபெயர்த்தவர் அப்படி இல்லை.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், அமெச்சூர் மன்றம் கட்டணம் வாங்காமல் நடத்தினால் அது மீறல் ஆகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டால் அந்த விலக்கை நம்ப முடியாது. இலவசமாகப் போட்டாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதே மரியாதை.

பழைய பிரதிகளை, பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் தேடுங்கள்.

4. பிரதியை வெட்டுதல்

இங்கேதான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். நீண்ட நேரம் உட்காரத் தயாராக வந்த ஜனங்களுக்காக எழுதியது அது. இன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். வெட்டித்தான் ஆகவேண்டும்.

ஒரு ஆளைக் கடிகாரத்தோடு உட்காரவைத்து, மற்றவர்கள் நடிக்காமல், நிதானமாக முழுப் பிரதியையும் வாசியுங்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் நிமிடத்தை ஓரத்தில் எழுதுங்கள். மேடையில் இதைவிட நேரம் கூடுமே தவிரக் குறையாது. அப்புறம் பென்சில். முதலில் போக வேண்டியது, பார்வையாளர் கண்ணால் பார்த்ததையே இன்னொருவர் வந்து விவரிக்கும் பேச்சு. அடுத்தது பாட்டு, நல்ல குரல் இருந்தால் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். அடுத்தது நீண்ட தனிமொழிகள்: முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் போதுமா என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி போதும்.

எதை வெட்டக்கூடாது? ராஜசபைக் காட்சிக்கு முன்னால் இரண்டு பேர் வந்து அசட்டுத்தனமாகப் பேசிவிட்டுப் போகும் சின்னக் காட்சியை. கதைக்கு அது தேவையில்லை என்று தோன்றும். முன்திரைக்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் சிம்மாசனம் போடுவார்கள், ராஜா உடை மாற்றுவார். அதைத் தூக்கினால் இருட்டில் மேசை இழுக்கிற சத்தத்தைத்தான் ஜனங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

மொழியை மட்டும் தொடாதீர்கள். ‘பிராணநாதா’ என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். அந்தக் காலத்து ஆள் அந்தக் காலத்துப் பேச்சைப் பேசினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நடிகனே அதை நம்பாமல் சொன்னால்தான் சிரிப்பு வரும்.

5. யார் யாருக்கு என்ன வேலை

மூன்று நாடகத்துக்கும் பாத்திரங்களை ஒரே நாளில் முடிவு செய்யுங்கள். முதல் நாடகத்தில் ஒரு வரி பேசுகிறவருக்கு மூன்றாவதில் நல்ல பாத்திரம் இருக்கிறது என்று தெரிந்தால் மனத்தாங்கல் வராது. இயக்குநர் ஒருவர், மேடை நிர்வாகி ஒருவர், பொருள்களுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர். இயக்குநரே கதாநாயகனாக வேண்டாம்.

மறந்த வரியைத் திரைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டரை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மானத்தைக் காப்பாற்றுவது அவர்தான். முதல் நாளிலிருந்தே அவர் ஒத்திகைக்கு வரவேண்டும். யார் எங்கே வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று பிரதியில் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். அது தெரியாதவர், நடிகர் கண்கலங்கி நிற்கும்போது பக்கத்திலிருந்து அடுத்த வரியை ஓதிக் காட்சியைக் கெடுத்துவிடுவார். வரி மறந்தால் முழு வரியையும் சொல்லக்கூடாது. முதல் இரண்டு சொல் போதும், மிச்சம் தானே வந்துவிடும்.

6. ஒத்திகை

எட்டு வாரம், வாரம் மூன்று சாயங்காலம். முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். அடுத்த மூன்று வாரம் எழுந்து நின்று நடமாட்டம்; பிரதி கையில் இருக்கலாம். ஆறாவது வாரத் தொடக்கத்தில் பிரதியைப் பிடுங்கிவிடுங்கள். அந்த வாரம் கேவலமாக இருக்கும், இருக்கட்டும்.

மண்டபத்துக்குப் போய் மணமேடையை டேப் வைத்து அளந்து, அதே அளவை ஒத்திகை நடக்கும் மொட்டைமாடியில் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். மணமேடை அகலமாக இருந்தாலும் ஆழம் குறைவாக இருக்கும். ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆள் நகர வழியிருக்காது. இது கடைசி நாளில் தெரியக்கூடாது.

7. மேடை, ஒளி, ஒலி

மூன்று நாடகத்துக்கும் ஒரே செட்: ஒரு கறுப்புப் பின்திரை, ஒரு முன்திரை, இரண்டு மரப்பெட்டி, உயரமான முதுகு வைத்த நாற்காலி ஒன்று. ஆடியில் அது சபாபதி வீட்டுக் கூடத்து நாற்காலி, புரட்டாசியில் நீதிபதி ஆசனம், மார்கழியில் பட்டுத்துணி போர்த்தினால் சிம்மாசனம். பணத்தை செட்டில் போடாமல் ஒலியில் போடுங்கள். கல்யாண மண்டபச் சுவர் எதிரொலிக்கும், மின்விசிறி இரைச்சல் வேறு. எல்லா விசிறியையும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் வயதானவர் ஒருவரை உட்காரவைத்து மைக்கைச் சோதியுங்கள். அவருக்குக் கேட்டால் எல்லாருக்கும் கேட்கும். ராஜா உடையும் கிரீடமும் வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும் கிரீடத்தை மட்டும் சொந்தமாகச் செய்துகொள்ளுங்கள். வாடகைக் கிரீடம் எந்தத் தலைக்கும் சரியாகப் பொருந்தாது.

8. அன்றைக்கு

டிரஸ் ரிகர்சல் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். நாடகத்தன்று வசனம் பற்றி யாரும் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது, இயக்குநர் உட்பட. நடிகர்கள் நாலு மணிக்குச் சிற்றுண்டி, ஐந்துக்கு மேக்கப். ஆறரை என்று போட்டிருந்தால் ஆறரைக்குத் திரை. தலைவர் உரை, பொன்னாடை எல்லாம் நாடகம் முடிந்த பிறகு. முதலில் வைத்தால் ஏழே முக்காலுக்குத்தான் முதல் காட்சி தொடங்கும், பின்வரிசை வீட்டுக்குக் கிளம்பியிருக்கும். பந்திக் கூடத்தில் பாத்திரம் கழுவுவதை நாடகம் முடியும்வரை நிறுத்திவைக்க மண்டபக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

9. அடுத்த நாடகத்துக்கு முன்

ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எல்லார் முன்னாலும் படியுங்கள். குழு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பத்து ரூபாய் சாக்பீஸ் செலவு வரை நோட்டில் இருக்கட்டும். அதே கூட்டத்தில் புரட்டாசி நாடகத்தின் முதல் வாசிப்புக்கு நாள் குறித்துவிடுங்கள். பென்சில் குறிப்போடு உள்ள பிரதி மேடை நிர்வாகியிடம் இருக்க வேண்டும். பெட்டிகளும் திரைகளும் யார் வீட்டில் இருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மார்கழி முடிந்த பிறகு கிரீடத்தை மட்டும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.