பெங்களூரிலிருந்து விலங்கு பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், பெங்களூரில் இருக்கும் நம் வீடுகளுக்குச் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தங்கள் வந்துவிடும். வந்த பிள்ளைகள் முதலில் கேட்பது, "மாமா, புலி எப்ப காட்டுவீங்க?"

இரண்டு வருஷம் முன்னால் அப்படி வந்த பிள்ளைகளை ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பெரிய வண்ணக்கிளி கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. என் அக்கா மகள் தோளில் அதை வைத்தபோதுதான் கவனித்தேன், நெஞ்சுப் பகுதியில் இறகே இல்லை. அடைபட்டு நொந்துபோன கிளி தன் இறகைத் தானே பிடுங்கிப்போடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நான் கட்டிய கட்டணம் இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் இடத்தை விசாரியுங்கள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் நாட்டில் உயிரியல் பூங்கா நடத்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். 1992 முதல் அந்த ஆணையம் இருக்கிறது. பெங்களூர் ஓரத்துப் பன்னேர்கட்டா பூங்கா, மைசூரு பூங்கா இரண்டும் அங்கீகாரம் பெற்றவை. பெயர் தெரியாத இடமாக இருந்தால் போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "விலங்கைத் தொடலாமா, தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாமா?" தாராளமாக என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். தொட விடாத இடம்தான் நல்ல இடம்.

யானை சவாரியும் இந்தக் கணக்கில்தான் வரும். யானை தானாக மனிதனைச் சுமக்க வராது. பயம் காட்டிப் பழக்கிய பிறகுதான் முதுகைக் கொடுக்கும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்ட வைக்க 1998-லேயே தடை வந்துவிட்டது. நாம் சிறு வயதில் தெருவில் பார்த்த கரடியாட்டம் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து நடந்த கொடுமை. அப்படி மீட்கப்பட்ட கரடிகளுக்குப் பன்னேர்கட்டாவில் ஒரு மறுவாழ்வு மையமே இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். கிளி ஜோசியத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம்.

2. நாள், நேரம்

பன்னேர்கட்டா பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து 365 பஸ் நேராகப் போகும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழல் தேடிப் படுத்துவிடும். அப்போதுதான் ஜனங்கள் பொறுமை இழந்து கத்த ஆரம்பிப்பார்கள்.

3. உள்ளே போன பிறகு

சஃபாரி பஸ்ஸில் டிரைவரிடம் "அண்ணா, ஸ்வல்ப ஹத்ர ஹோகி" (கொஞ்சம் கிட்டப் போங்க) என்று கன்னடத்தில் கெஞ்சாதீர்கள். அவர் நிறுத்தும் இடத்திலேயே இருந்து பாருங்கள். தூங்கும் புலியை எழுப்ப விசில் அடிப்பது, கம்பியைத் தட்டுவது, ஃபிளாஷ் போடுவது எதுவும் வேண்டாம். நம் பஸ் போன பிறகும் நாள் முழுக்கப் பஸ்கள் வரும், அந்தப் புலிக்கு ஓய்வே கிடைக்காது. ஒரு பைனாகுலர் கொண்டுபோனால் கிட்டே போகும் ஆசையே அடங்கிவிடும். பட்டாம்பூச்சிப் பூங்காவில் இறக்கையைத் தொடக்கூடாது; விரலில் ஒட்டும் பொடி அதன் இறக்கைச் செதில்கள்.

தீனி மட்டும் போடவே போடாதீர்கள். நந்தி மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே குரங்கு பையைப் பிடுங்கும். அதைப் பிடுங்கப் பழக்கியது நாம் நீட்டிய சிப்ஸ்தான்.

4. முடிந்தால் கொக்கரே பெள்ளூர் போங்கள்

என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் இதுதான். மைசூரு ரோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மத்தூருக்குச் சற்று முன்னால் திரும்ப வேண்டும். கூண்டு கிடையாது. ஊருக்குள்ளே புளியமரத்திலும் அரசமரத்திலும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். கீழே திண்ணையில் பாட்டி பயறு புடைத்துக்கொண்டிருப்பார். பறவை எச்சம் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுவார்கள். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லையே, அதே பாசம்தான் இங்கேயும்.

பிப்ரவரி, மார்ச்சில் போனால் குஞ்சுகளைப் பார்க்கலாம். மரத்தடியில் கூட்டம் போடாமல் தள்ளி நில்லுங்கள். டிரோன் கூடவே கூடாது. தாய்ப்பறவை பதறி எழுந்து போனால் கொஞ்ச நேரத்தில் குஞ்சு வெயிலில் வாடும், காக்காய்க்கும் பருந்துக்கும் இரையாகும். வீட்டு முற்றங்களைப் படம் எடுக்கும் முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். வரும்போது அங்கேயே இளநீர் வாங்கிக் குடியுங்கள்.

5. ஊட்டிக்குப் போகும் வழியில்

பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். அடிபட்டுச் செத்த மான்களும் மற்ற விலங்குகளும் ஏராளம், அதனால் 2009-ல் வந்த ஏற்பாடு. குண்டலுப்பேட்டையிலேயே டீ குடித்து, பிள்ளைகளை ஒண்ணுக்குப் போகவைத்து வண்டியை எடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தி, அது கடக்கும் வரை காத்திருங்கள். குப்பை வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஜன்னல் வழியே எறிந்த பிளாஸ்டிக் உறை யானை லத்தியில் கிடப்பதை வனக் காவலர்கள் பார்க்கிறார்கள்.

6. தப்பு கண்ணில் பட்டால்

அடிபட்ட விலங்கோ, யாராவது நட்சத்திர ஆமை விற்பதோ கண்ணில் பட்டால் கர்நாடக வனத்துறை உதவி எண் 1926-ஐ அழையுங்கள். இடம், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பாவம் என்று காசு கொடுத்து அந்த ஆமையை வாங்கி விடுவிக்க நினைக்காதீர்கள். அந்தக் காசில் அடுத்த ஆமையைப் பிடிப்பார்கள்.