ஆட்குறைப்புப் பேச்சு வரும்முன் உங்கள் கணினி வேலையை ரிங்கிட்டில் கணக்குக் காட்டுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ போன்ற தோட்டப்புற ஊர்களில் செம்பனை ஆலையிலோ தோட்ட அலுவலகத்திலோ கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். செம்பனை எண்ணெய் விலை இறங்கி, செலவைக் குறைக்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து கடிதம் வரும்போது, உற்பத்தியோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகள்தான் முதலில் கேள்விக்கு உள்ளாகும். பால்மரம் (ரப்பர்) வெட்டியவரின் உழைப்பைத் தராசில் நிறுத்துக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், புத்தகத்தில் பதிந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் உழைப்பும் இன்றுவரை எண்ணப்படுகிறது. கணினிப் பிரிவின் உழைப்பை நிறுக்க எவரும் தராசு வைப்பதில்லை என்பதால், அந்தப் புத்தகத்தை நீங்களே எழுதவேண்டியிருக்கிறது. அதற்கு ஓர் எக்செல் தாளும், பழைய பதிவுகளும், கணக்குப் பிரிவில் ஒருவரின் அரைமணி நேரமும் போதும்.

படி 1: கணக்குப் புத்தகத்தில் உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

"சர்வரைப் பராமரித்தேன், பிரிண்டரைச் சரிசெய்தேன், வைஃபை போட்டேன்" என்ற பட்டியல் மேலாளருக்கு எதையும் சொல்வதில்லை. உங்கள் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது வருமானத்தைக் கூட்டியதா, செலவைக் குறைத்ததா, இழப்பைத் தடுத்ததா, சட்டக் கடமையை நிறைவேற்றியதா என்று எழுதுங்கள். நான்கிலும் சேராத வேலைகளை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். தொடக்கத்தில் மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

படி 2: பழைய நிலைக்கு ஓர் எண்ணைப் பிடியுங்கள்

மாற்றம் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று காட்டமுடியாவிட்டால், பின்பு எவ்வளவு முன்னேறியது என்பதையும் காட்டமுடியாது. நல்லவேளையாக ஆலையில் பழைய சுவடுகள் நிறையக் கிடக்கின்றன. லாரி உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் லாரியை நிறுக்கும் எடைப்பாலத்துச் சீட்டில் இருக்கும்; கூடுதல் நேர வேலை சம்பளப் பதிவேட்டில் இருக்கும்; திருத்தி எழுதிய சீட்டுகள் கோப்பில் இருக்கும். மாற்றத்துக்கு முந்திய மூன்று மாதங்களையும் பிந்திய மூன்று மாதங்களையும் எடுங்கள். ஆனால் குலை வரத்து அதிகமான மாதங்களை, வரத்துக் குறைந்த மாதங்களோடு ஒப்பிடாதீர்கள். வரத்து அப்படி மாறியிருந்தால், முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுவதே நியாயமானது.

படி 3: கணக்கைப் போடுங்கள், கையில் வந்த பணத்தைத் தனியாகப் பிரியுங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான் என்பதால் ஓர் எடுத்துக்காட்டோடு மெதுவாகப் பார்ப்போம். எடைப்பாலத்தில் எழுதிய சீட்டுகளை அலுவலகத்தில் ஒரு கிராணி மீண்டும் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார் என்றும், எடை நேரடியாகக் கணினியில் பதியும்படி நீங்கள் இணைப்புச் செய்தீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 120 சீட்டுகள், ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் 156 மணி நேரம்.

கிராணியின் மாதச் சம்பளம் 2,200 ரிங்கிட் என்போம். வேலைவாய்ப்புச் சட்டத்தின் முறைப்படி அதை 26 ஆல் வகுத்தால் நாள் கூலி 84.62 ரிங்கிட், அதை 8 ஆல் வகுத்தால் மணிக்கு 10.58 ரிங்கிட். 156 மணி நேரத்தைப் பெருக்கினால் மாதம் சுமார் 1,650 ரிங்கிட் வருகிறது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனால், அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களை நிறுத்திவிடும்: "கிராணி இன்னும் அதே சம்பளம்தானே வாங்குகிறார், அந்த 1,650 ரிங்கிட் எங்கே?" அவர் கேட்பது சரிதான். மிச்சமான நேரம் வேறு, மிச்சமான பணம் வேறு.

ஆகவே சம்பளப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அந்தக் கிராணியின் கூடுதல் நேர வேலை மாதத்துக்கு 60 மணியிலிருந்து 20 மணியாகக் குறைந்திருந்தால், 40 மணி நேரம் உண்மையாகவே மிச்சம். சாதாரண வேலை நாளின் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பதால் மணிக்கு 15.87 ரிங்கிட், 40 மணிக்குச் சுமார் 635 ரிங்கிட். இதுதான் கையில் வந்த பணம். கூடுதல் நேரக் கூலிக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா கிடையாது என்பதால், முதலாளியின் 13 விழுக்காட்டை இதோடு சேர்க்காதீர்கள். எஞ்சிய 116 மணி நேரத்தைப் பணமாக மாற்றாமல், அந்த நேரத்தில் கிராணி இப்போது என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். சிறு தோட்டக்காரர்களின் குலைக் கணக்கை அவர் உடனுக்குடன் முடித்துக் கொடுக்கிறார் என்றால், அதற்கும் மதிப்பு உண்டு. பெரிய எண்ணைக் காட்டித் தடுமாறுவதைவிட, எவரும் அசைக்கமுடியாத 635 ரிங்கிட்டோடு போய் உட்காருவது மேல் என்பது என் கருத்து.

அடுத்து அதிலிருந்து செலவைக் கழியுங்கள். மென்பொருள் உரிமம், வாங்கிய கருவி, நீங்கள் அதில் செலவிட்ட மணி நேரம் ஆகிய அனைத்தும் கழிவுப் பக்கத்தில் வரவேண்டும். போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். மேலாளர்கள் தேடிப் பார்ப்பது அந்த வரியைத்தான்.

படி 4: தடுத்த இழப்பை ஊதிப் பெரிதாக்காதீர்கள்

"மணிக்கு 45 டன் அரைக்கும் ஆலை, கணினி 2 மணி நேரம் நின்றிருந்தால் 90 டன் நட்டம்" என்று எழுதத் தோன்றும். ஆலையில் ஒரு வாரம் இருந்தவர்கூட இதை ஏற்கமாட்டார். கணினி நின்றால் சீட்டைக் கையால் எழுதுவார்கள். இறக்கி வைத்த குலைகள் அரைபட்டுக்கொண்டுதான் இருக்கும். காத்திருப்பு நீளும்போதுதான் உண்மையான தீங்கு வருகிறது: அடிபட்ட பழம் நேரம் ஆக ஆக எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும், அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குபவர் விலையில் கை வைப்பார். எனவே உங்கள் சீரமைப்பால் லாரிகள் வாசலில் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் சீட்டு நேரங்களைக் கொண்டு காட்டுங்கள். தரத்தில் ஏற்பட்ட மாற்றத்துக்கு ஆய்வுக்கூடத்தின் பதிவு சாட்சி சொல்லட்டும். காப்பு நகல் எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதுவதிலும் பயனில்லை. எந்தத் தேதியில் அதை மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் பிடித்தது என்று எழுதினால் அது சான்று.

படி 5: சட்டக் கடமைகளைச் சொல்லுங்கள்

விற்பனைப் பட்டியலை மின்வழியில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் முறை, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1 அன்று கட்டாயமாயிற்று, 2.5 கோடியைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜனவரி 1, அரைக்கோடியைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜூலை 1. நிலைத்த முறையில் செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்வதற்கான எம்எஸ்பிஓ சான்றிதழும் 2020 முதல் கட்டாயம். குலை எந்த நிலத்திலிருந்து வந்தது என்ற பதிவு அதற்குத் தேவை. இவற்றில் உங்கள் கை இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். இ-இன்வாய்ஸ் விதியை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதற்காக 20,000 ரிங்கிட்டை இன்வாய்ஸ் எண்ணிக்கையால் பெருக்கிப் பல கோடியைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் கணக்காளர் சிரிப்பார். வெளி நிறுவனம் அதே வேலைக்குக் கேட்ட விலைப்புள்ளி கோப்பில் இருந்தால் அந்தத் தொகையை எழுதுங்கள்.

படி 6: கணக்காளரிடம் முதலில் காட்டுங்கள்

மேலாளரிடம் போவதற்கு முன் தாளைக் கணக்குப் பிரிவில் கொடுத்து, "இதில் எந்த எண்ணை ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். அவர் அடித்த எண்ணை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரே பக்கத்தில், அலுவலகத்தில் புழங்கும் மொழியில், மலாயோ ஆங்கிலமோ, எழுதி முடியுங்கள். வேலையில் பங்கெடுத்த எடைப்பாலத்துக் கிராணியின் பெயரும் அதில் இருக்கட்டும். அவரை விட்டுவிட்டால் உங்கள் எண்ணை மறுத்துப் பேசப்போகும் முதல் ஆள் அவர்தான். சம்பளத் தகவலைப் பெயரோடு தாளில் போடாதீர்கள், நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்க, வேலையைக் காக்க எழுதிய தாளே வேலையை விட்டு நீக்கக் காரணமாகிவிடக்கூடாது.

படி 7: நேரம் பார்த்துக் கொடுங்கள்

அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முடிவாவதற்கு முன்பே தாள் மேசைக்குப் போயிருக்கவேண்டும். பெயர்ப்பட்டியல் தயாரான பிறகு கொடுத்தால் அது மன்றாட்டாகவே படிக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களைப் புதுப்பியுங்கள்.

கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆலையே மூடப்பட்டால் வேலை போகத்தான் செய்யும். அந்த நிலையில், நீங்களாகவே விலகுவதாகக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தாமாக விலகியவருக்குச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்ட உதவித்தொகை கிடைக்காது; ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் 60 நாள்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.