கொல்லையில் ஒரு மட்கும் கட்டை: வண்டு வளர்க்க எளிய வழி

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு கோடை மழை அடித்தால் போதும், பெங்களூருத் தெருக்களில் குல்மொஹர், தூங்குமூஞ்சிக் கிளைகள் ஒடிந்து விழும். அவை லாரியேறும் முன் இரண்டு துண்டுகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அல்சூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைப்போல் பின்னால் கொஞ்சம் மண்தரை இருந்தால் போதும். மொட்டைமாடி சரிப்படாது, கட்டை காய்ந்துவிடும்.

1. கட்டையைத் தேர்ந்தெடுத்தல்

தொடைப் பருமன், மூன்றடி நீளம், பட்டை உரியாதது. இதற்காகப் பச்சை மரத்தில் கைவைக்காதீர்கள்; பெரும்பாலான மரங்களை வெட்ட 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவை. பெயின்ட் அடித்த பலகையும் ஆகாது.

தென்னங்கட்டை வேண்டவே வேண்டாம். காண்டாமிருக வண்டு மட்கிய தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடும். வளர்ந்ததும் பறந்துபோய் உயிருள்ள தென்னையின் குருத்தைத் துளைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தென்னை வளர்ப்பவராக இருந்தால் உறவே முறிந்துவிடும்! புழு துளைத்த மாங்கட்டையையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

2. நடுதல்

நிழலான இடத்தில், வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிக் கட்டையை நட்டு நிறுத்துங்கள். கறையான் எப்படியும் வரும், அதனால்தான் இந்த இடைவெளி. சுற்றிலும் சருகைப் போட்டு மூடுங்கள். கோடையில் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும்.

3. சும்மா இருத்தல்

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். புதிதாகச் செத்த மரத்துக்கு முதலில் வருபவை, உடலைவிட நீண்ட உணர்கொம்புகள் கொண்ட வண்டுகளும் பொன்வண்டின் உறவுக்காரர்களும். பட்டை இடுக்கில் முட்டையிட்டுப் போய்விடும். பிறகு பூஞ்சை மரத்தின் கெட்டித்தன்மையைக் கரைக்கத் தொடங்கும். கட்டை கையால் பிய்க்கிற அளவுக்கு மெத்தென்று ஆன பின்னரே அடுத்த கூட்டம் வரும். இதற்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். நடுவில் பிடுங்கிப் பார்த்தால் ஈரமும் போகும், புழுவும் போகும்.

4. பார்த்தல்

இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டையில் துளையும் கீழே மரத்தூளும் தெரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது. சருகுக்கடியில் வளைந்த வெள்ளைப் புழு கிடைத்தால் சமதரையில் விடுங்கள். கால்களை மேலே தூக்கிக்கொண்டு முதுகாலேயே ஊர்ந்தால் அது பூ வண்டின் புழு; மட்கியதைத் தின்று எரு ஆக்கும், தென்னைக்குப் பகையில்லை. அப்படி ஊராமல், கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருந்தால் காண்டாமிருக வண்டாக இருக்கலாம். அதைத் திரும்ப விடாதீர்கள்.

வீட்டுக் கட்டிலுக்கு ஆபத்தா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டிலை உளுக்கவைத்து மாவாக உதிர்ப்பவை காய்ந்த மரத்தை நாடும் வேறு வண்டுகள். ஈரக் கட்டையில் வளர்பவற்றுக்கு உங்கள் தேக்குக் கட்டில் வெறும் பட்டினிதான்.