மொட்டைமாடி வெப்பமானியும் 1880-ஆம் ஆண்டுக் கணக்கும்: எங்கே தவறுகிறோம்?

அக்னி நட்சத்திரம் வந்தால் மதுரையில் யாராவது ஒருவர் மொட்டைமாடிச் சுவரில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, 46 டிகிரி என்று படம் எடுத்துப் போட்டுவிடுவார். "வானிலை மையம் 40தான் சொல்கிறது, மறைக்கிறார்கள்" என்ற வாசகமும் கூடவே வரும். அந்த 46 காற்றின் சூடு அல்ல. தளமும் சுவரும் வாங்கி வைத்த சூடு. காற்றை அளக்க வெள்ளையடித்த மரப்பெட்டி வேண்டும். பக்கங்களில் சாய்வுப் பலகைகள், வடக்கு பார்த்த கதவு, மண் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரம். ஸ்டீவன்சன் பெட்டி என்பது இதுதான்.

1880-ஐ ஒட்டிய காலத்திலிருந்து உலகம் எவ்வளவு சூடேறியது என்று கணக்கிடும்போதும் இதே அளவீட்டுச் சிக்கல் வரும். இந்தப் பெட்டியே 1860-களில்தான் வடிவமைக்கப்பட்டது. அது பரவுவதற்கு முன் வெப்பமண்டல நாடுகளில் பக்கம் திறந்த கீற்றுக் கொட்டகைக்குள் வெப்பமானி தொங்கியது. தரையின் அனல் உள்ளே வர வழியிருந்தது. ஆகவே பழைய பதிவையும் புதிய பதிவையும் அப்படியே ஒட்டவைத்து ஒரே கோடாக வரையக்கூடாது. கருவியோ கூண்டோ இடமோ மாறினால் பழையதையும் புதியதையும் அருகருகே சில காலம் ஓட்டி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே முறை.

"அந்தக் காலத்து வெப்பமானியில் அரை டிகிரியே சரியாகத் தெரியாது, பிறகு 0.1 டிகிரி மாற்றம் எப்படித் தெரியும்?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கண் தவறிக் கொஞ்சம் கூடக் குறைய எழுதுவது, ஆயிரக்கணக்கான பதிவுகளின் சராசரியில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளாதது ஒரே பக்கம் சாயும் பிழை. தராசுத் தட்டே 10 கிராம் சாய்ந்திருந்தால் நூறு முறை நிறுத்தும் பயனில்லை.

அப்படிச் சாய்ந்த தராசுக்கு நல்ல உதாரணம், பதிவெடுக்கும் நேரம். அதிகபட்ச வெப்பமானியில் பாதரசம் ஏறிய இடத்திலேயே நிற்கும். பார்த்து எழுதியபின் உதறி இறக்க வேண்டும். கொளுத்தும் நாளில் மாலை 5 மணிக்கு இறக்கினால், அப்போதுள்ள வெயிலுக்கே மறுபடி ஏறி நிற்கும். மறுநாள் மழை பெய்து குளிர்ந்தாலும் அந்த எண்தான் மறுநாள் கணக்கிலும் விழும். ஒரு வெயில் நாள், இரண்டு பதிவு! அமெரிக்காவில் வெப்பநிலையைப் பதிவெடுத்த தன்னார்வலர்கள் பலர் காலப்போக்கில் மாலையிலிருந்து காலைக்கு மாறியதால், திருத்தாத பதிவுகளில் இல்லாத குளிர்ச்சி தெரிந்தது.

கடலில் கதை வேறு. கப்பல்காரர்கள் வாளியில் நீரை மொண்டு வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். கித்தான் வாளியில் நீர் கசிந்து ஆவியாகும். நம் மண்பானை குளிர்வது போலவே அதுவும் குளிர்ந்து, எண் குறையும். பின்னாளில் எஞ்சினுக்கு இழுக்கும் நீரை அளந்தார்கள். அது சற்றே கூடுதலாகக் காட்டும். இன்று கடலில் மிதந்தபடியே அளக்கும் மிதவைக் கருவிகள் கப்பலைவிட ஏறக்குறைய 0.12 டிகிரி குறைவாகக் காட்டுகின்றன.

திருத்தம் என்றாலே வெப்பத்தைக் கூட்டிக்காட்டும் வேலை என்று நினைப்பவர்கள் கவனிக்க: பழைய வாளிப் பதிவுகளை உயர்த்தியதால், உலகளாவிய வெப்ப உயர்வு திருத்தத்துக்குப் பின் குறைந்துதான் போனது.

இன்னொரு தவறு, நேரடி வெப்பநிலைகளைக் கூட்டி வகுப்பது. மதுரை 30, கொடைக்கானல் 15 என்று வைத்துக்கொள்வோம், சராசரி 22.5. ஒரு வருடம் கொடைக்கானல் பதிவு வராமல் போனால் சராசரி 30 ஆகிவிடும். ஊர் சூடாகவே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு நிலையத்தையும் அதனதன் 30 ஆண்டு சராசரியோடு ஒப்பிட்டு, விலகலை மட்டும் சேர்க்கிறார்கள்.

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளின் உலகச் சராசரிக்கு ±0.15 டிகிரி, அண்மை ஆண்டுகளுக்கு ±0.05 டிகிரி அளவில் பிழை எல்லை மதிப்பிடப்பட்டிருக்கிறது. இடையில் ஏறியதோ ஒரு டிகிரிக்கு மேல். எனவே 0.02 டிகிரி வித்தியாசத்தில் "எந்த வருடம் முதலிடம்" என்று மல்லுக்கட்டுவது வீண்; நூற்றாண்டு ஏற்றத்தைச் சந்தேகிக்க அந்தப் பிழை போதாது.

உள்ளூர்ச் செய்திக்கும் ஒன்று: வானிலை மைய அறிக்கையில் மதுரை நகரம், மதுரை விமான நிலையம் என்று இரண்டு வரிகள் இருக்கும். "சாதனை முறியடிப்பு" என்று எழுதுமுன், பழைய எண் எந்த வரியில் இருந்தது என்று பாருங்கள்.